படுக்கைல இருக்கறவங்களை வீட்ல பாத்துக்க ஆள் வச்சிருக்கீங்களா? உங்க கேள்விகளும் என் பதிலும்

ஆஸ்பத்திரி வார்டுல பாதி, வீடு வீடா போய் டிரெஸ்ஸிங் பண்ணதுல பாதினு நர்ஸா ஓடிப்போச்சு என் வருஷங்க. இந்த தடவை வந்த கேள்விங்க எல்லாமே வீட்ல ஆள் வச்சு பாத்துக்கறதைப் பத்திதான்.

அம்மாவுக்கு ஸ்ட்ரோக், ஏஜென்சி மூலமா ஒரு அக்கா வந்து பாத்துக்கறாங்க. நான் ஆபீஸ் போயிடறேன். நல்லா பாத்துக்கறாங்களானு எப்படித் தெரியும், கேமரா வைக்கலாமா?

கேமரா அப்புறம்மா, மொதல்ல அம்மா உடம்பைப் பாருங்க. தினமும் ஒரு தடவை டயப்பர் மாத்தறப்ப நீங்களும் பக்கத்துல நில்லுங்க. அம்மாவை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, முதுகுக்குக் கீழ புட்டத்துக்கு மேல இருக்கற எலும்பு, இடுப்பு எலும்பு ரெண்டு பக்கமும், குதிகால், காது பின்னாடி எல்லாம் பாக்கணும். எங்கயாவது சிவந்திருந்தா விரலால அமுக்கிட்டு எடுங்க, வெளுத்துட்டு மறுபடி நிறம் வந்தா பரவால்ல, வெளுக்காம அப்படியே சிவப்பா நின்னா அதுதான் படுக்கைப்புண்ணோட ஆரம்பம். நம்ம மாநிறத்துலயும் கறுப்புலயும் சிவப்பு சரியா தெரியாது, அதனால தொட்டுப் பாருங்க, சுத்தி இருக்கற தோலை விட சூடா இல்ல கெட்டியா இருந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன், பெட்ஷீட் பளிச்சுனு இருக்கு, ரூம்ல பவுடர் வாசனை, தலைவாரி பொட்டெல்லாம் வச்சு பாட்டியை அழகா வச்சிருந்தாங்க. சாக்ஸைக் கழட்டினா குதிகால்ல ஒரு ரூபா காசு அளவுக்கு கறுப்பா தோல் செத்துப் போயிருக்கு. சர்க்கரை இருக்கறதால பாட்டிக்கு அங்க வலியே தெரியல. பாத்துக்கிட்ட பொண்ணு மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, குதிகாலைப் பாக்கணும்னு அவளுக்கு யாருமே சொல்லிக் குடுக்கல. கெண்டைக்கால் அடில தலகாணி வச்சு குதிகால் பெட்ல படாம அந்தரத்துல நிக்கற மாதிரி வச்சா போதும், அவ்ளோதான் விஷயம்.

வாட்டர் பெட் வாங்கிட்டோமே, திருப்பணுமானு நிறைய பேர் கேக்கறீங்க. திருப்பணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைங்கறதுதான் பொதுவான கணக்கு, மெத்தையைப் பாத்து உங்க டாக்டர் கூட்டிக் குறைச்சு சொல்வாங்க. சிவந்த இடத்தை எண்ணெய் போட்டு தேய்க்காதீங்க, நடுல ஓட்டை வச்ச வளையம் மாதிரி குஷனும் வேணாம், சுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்து இன்னும் கெடுக்கும்.

கேமரா வைக்கறதா இருந்தா அம்மாகிட்டயும் அந்த அக்காகிட்டயும் சொல்லிட்டு வைங்க. குளிப்பாட்டறப்ப, துணி மாத்தறப்ப ஆஃப்ல இருக்கணும்.

மூக்குல டியூப் வழியா சாப்பாடு, இன்சுலின் ஊசி ரெண்டும் அட்டெண்டரே பண்றாங்க. சரியா?

அவங்க நர்ஸா அட்டெண்டரானு ஏஜென்சில நேரா கேளுங்க. ஏஎன்எம், ஜிஎன்எம்னு நர்சிங் படிப்பு படிச்சு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணவங்க வேற, சில நாள் பழகிட்டு வந்தவங்க வேற, ரெண்டு பேரையும் "ஹோம் நர்ஸ்"னு சொல்லித்தான் அனுப்பறாங்க. ஊசியை நர்ஸ் போடட்டும், இல்ல வீட்ல ஒருத்தர் ஆஸ்பத்திரில கத்துக்கிட்டு போடுங்க. சாப்பிட்டாரானு பாக்காம இன்சுலின் போட்டா சர்க்கரை சர்னு இறங்கிடும், உயிருக்கே ஆபத்து.

டியூப்ல குடுக்கறதுக்கு முன்னாடி மூக்குகிட்ட இருக்கற மார்க் நகர்ந்திருக்கானு பாக்கணும். தலைப்பக்கம் 30லேர்ந்து 45 டிகிரி தூக்கி இருக்கணும், குடுத்து முடிச்சும் அரைமணி நேரமாவது இறக்கக் கூடாது. இருமினா, மூச்சு வாங்கினா உடனே நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. டியூப் வெளிய வந்துட்டா திரும்ப நீங்களா சொருகவே கூடாது, அது நுரையீரலுக்குள்ள போயிடலாம்.

அப்பாவுக்கு 82, மறதி நோய். ராத்திரி எழுந்து நடக்கறார்னு கையைக் கட்டிலோட கட்டி வைக்கறாங்க. வேற வழி இல்லங்கறாங்க.

இன்னைக்கே அவுத்து விடுங்க. கட்டினா இன்னும் மிரண்டு போவாங்க, இழுத்து இழுத்து தோல் கிழியும், விழுந்தா அடியும் பலமா படும். அவர் ஏன் எழுந்துக்கறார்? யூரின் வருதா, மலச்சிக்கலா, எங்கயாவது வலியா, பசியா, பகல் பூரா தூங்கிட்டாரா? சொல்லத் தெரியாதவர் எழுந்து நடந்துதானே காட்டுவார். திடீர்னு ரெண்டு நாளா குழப்பம் அதிகமாயிருந்தா யூரின் இன்ஃபெக்ஷன் இருக்கானு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. கட்டிலை தாழ்வா மாத்துங்க, பாத்ரூம் வரைக்கும் ஒரு சின்ன லைட் எரியட்டும். டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை யாரும் குடுக்கக் கூடாது, மாத்திரை அட்டையை நீங்களே எண்ணி வைங்க. அடிக்கறாங்க, மிரட்டறாங்கனு சந்தேகம் வந்தா முதியோர் உதவி எண் 14567 இருக்கு, காசு கிடையாது.

வாதம் வந்த பக்கத்துத் தோள்ல பயங்கர வலி. தூக்கி உக்கார வைக்கறப்ப கத்தறார்.

அந்தக் கையைப் பிடிச்சோ அக்குள்ல கை குடுத்தோ தூக்கறாங்கனு நினைக்கறேன். தசை செயலிழந்த தோள் மூட்டு அப்படி இழுத்தா நழுவிடும். பிசியோதெரபிஸ்டை ஒரு தடவை வரவழைச்சு எப்படித் தூக்கணும்னு உங்க எல்லாருக்கும் செஞ்சு காட்டச் சொல்லுங்க.

எங்க ஆயாம்மா ராத்திரி தூங்கிடறாங்க, கூப்பிட்டா எழுந்துக்கறதில்ல.

அவங்க 24 மணி நேர ஆளா? அப்படின்னா எப்பத்தான் தூங்குவாங்க சொல்லுங்க? பகல் பூரா தூக்கி, துடைச்சு, ராத்திரியும் ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பறது ஒரே மனுஷியால முடியாதுங்க. ராத்திரிக்கு வேற ஆள் போடுங்க, இல்ல வீட்ல இருக்கறவங்க முறை வச்சுக்கோங்க. வாரத்துல ஒரு நாள் லீவு, சூடா சாப்பாடு, கால் நீட்டிப் படுக்க ஒரு இடம் குடுங்க. அசந்து போன கைதான் நோயாளியைக் கீழ போடும்.

ஏஜென்சி வைக்க வசதி இல்ல. என்ன பண்றது?

தமிழ்நாட்ல 2021 ஆகஸ்ட்லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம்னு அரசுத் திட்டம் இருக்கு. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும், படுக்கைல இருக்கறவங்களுக்கு வலியையும் அவஸ்தையையும் குறைக்கற நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கு வந்து குடுக்கறாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் பேர் குடுங்க. அவங்க வர்ற அன்னைக்கு மட்டும் எப்படியாவது லீவு போட்டு வீட்ல இருங்க, புண் கட்டறதையும் திருப்பிப் போடறதையும் பக்கத்துல நின்னு பாத்து, அவங்க கண்ணு முன்னாடியே நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டி சரியானு கேட்டுக்கோங்க.