டெனியா என்றொரு குட்டி ராஜ்யம்

கேள்வி: நம் கொல்லிமலை ஓரி மாதிரி ஸ்பெயினில் முஸ்லிம் குறுநில மன்னர்கள் இருந்தார்களாமே? (ஏற்காட்டு வாசகர்)

பதில்: இருந்தார்கள், டஜன் கணக்கில்! ஸ்பெயினின் பெரும்பகுதியை ஆண்ட கொர்தோபா கலீபா (முஸ்லிம் பேரரசர்) ஆட்சி 1031-ல் அடியோடு முடியும் முன்பே ஆளாளுக்கு ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது கிழக்குக் கடற்கரை டெனியா. அடிமைப் பின்னணியில் இருந்து வந்த முஜாஹித் அதை பக்கத்துக் கடலில் இருக்கும் பலேரிக் தீவுகளோடு சேர்த்து ஆண்டார். 1015-ல் இத்தாலிக்கு மேற்கே உள்ள சார்டினியா தீவு மேல் படையெடுத்துப் போனவர், மறுவருடம் இத்தாலிய நகரங்களான பீசா, ஜெனோவாவின் கப்பல்கள் கொடுத்த அடியில், மகன் அலியையே எதிரிகளிடம் விட்டுவிட்டுத் தப்பி வந்தார். கிறிஸ்தவனாக வளர்ந்த அந்தப் பையன், பல வருடம் கழித்துப் பணம் கொடுத்து மீட்கப்பட்டு, மறுபடி முஸ்லிமாகி, அப்புறம் அரசனும் ஆனான். சரி, முடிவு? 1076-ல் வடகிழக்கு ஸ்பெயினின் இன்னொரு குறுநிலமான சரகோசாவின் அரசர் டெனியாவை விழுங்கிவிட்டார். அவரும் முஸ்லிம்தான்.