கீழ்வீட்டுத் தூண்

கேள்வி: 34 ஆண்டுப் பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி வீடு மலிவாக வருகிறது. தரைத்தளக் கடைக்காரர் இடம் போதாமல் ஒரு தூணைப் பாதி செதுக்கியிருக்கிறார். “அது கீழே, உங்களுக்கென்ன?” என்கிறார் தரகர். வாங்கலாமா? (வாசகர், செம்பூர்)

பதில்: வேண்டாம். தரகரின் பேச்சைப் படித்ததும் கோபம் வந்தது. 2017 ஜூலையில் மும்பை காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் சரிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளப் புதுப்பிப்பில் தூண்களில் கைவைத்தார்கள் என்பதுதான் வழக்கு.

1968-இல் லண்டனின் ரோனன் பாயிண்ட் அடுக்ககத்தில், 18-ஆம் மாடியில் கேஸ் வெடித்துச் சுவர் பிய்ந்தது. தாங்கல் இழந்த மேல்தளங்கள் விழுந்தன. அந்த எடையில் கீழ்த்தளங்களும் போயின. 22 மாடியின் ஒரு மூலையே சரிந்தது, நால்வர் இறந்தார்கள். கான்கிரீட் சுவர்ப் பலகைகளுக்கு இடையே உறுதியான பிணைப்பு இல்லை. பிறகுதான் பிரிட்டன் விதிகளைத் திருத்தியது. நம் தூண் கட்டடங்களில், தூண்களை இணைத்துத் தளத்தைத் தாங்கும் பீமின் அடிக்கம்பி தூணைக் கடந்து அடுத்த பீமுக்குள் தொடர்ந்து போக வேண்டும். அப்படிப் போனால், ஒரு தூண் போனாலும் தளம் தூளிபோல் தொங்கி, ஓடித் தப்ப நேரம் தரக்கூடும். கம்பி தூணோடு முடிந்தால் அந்த நேரம் கிடைக்காது.

30 ஆண்டு கடந்த கட்டடத்துக்கு மும்பையில் ஸ்ட்ரக்சரல் ஆடிட் (கட்டட உறுதிச் சோதனை) கட்டாயம். எந்த வீடானாலும் சொசைட்டியில் (வீட்டு உரிமையாளர் சங்கம்) அந்த அறிக்கையைக் கேட்டுப் படியுங்கள். முலுண்டில் முதல் வீடு வாங்கியபோது நான் கேட்கவில்லை. புது வண்ணத்தையும் ஃபால்ஸ் சீலிங்கையும் பார்த்து மயங்கினேன். முதல் மழையில் ஒரு பலகையைக் கழற்றினால், துருவேறிப் பருத்த கம்பி விரல் பட்டதும் ஏடு ஏடாக உரிந்தது. பழுதுபார்க்க மனைவியின் நகை போயிற்று.

கேள்வி: ஹால் நடுவே நிற்கும் தூணை எடுத்துவிடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். முன்பணமும் கொடுத்துவிட்டேன். (வாசகர், தாணே)

பதில்: எடுக்கக் கூடாது. முன்பணம் போனால் போகட்டும். கொடுப்பதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

கேள்வி: குடிவந்து மூன்று ஆண்டு. பீமில் தூணருகே சாய்வாக வெடிப்பு. பில்டர் “பூச்சு வெடிப்புதான்” என்று இரண்டு முறை பூசிவிட்டார். (வாசகி, டோம்பிவிலி)

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை, அம்மா. மூன்றாம் முறை பூச விடாதீர்கள், சான்று மறைந்துவிடும். ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 14(3)-இன்படி, ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும். வெடிப்பருகே அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். இந்த வாரமே ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள்; அதுவரை அந்த பீமுக்கு அடியில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.