மால்குடியும் பால்டிமோரும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரை ஒன்றில், நீங்கள் பார்த்த தொலைக்காட்சித் தொடர்களில் மிகச் சிலவே ஒரு நல்ல நாவலுக்குப் பக்கத்தில் நிற்கும் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எவை என்று சொல்லவில்லை.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். குழந்தைகள் தூங்கிய பிறகு நானும் மனைவியும் இரவில் ஒரு மணிநேரம் ஏதாவது தொடர் பார்ப்போம். நாலு பேர் நல்லது என்று சொன்னதைத் தொடங்கிப் பாதியில் விட்டதுதான் அதிகம். மேசையில் படிக்காத புத்தகங்கள் அடுக்கியிருக்க இதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோமே என்ற உறுத்தலும் உண்டு. துப்பறிவது, நகைச்சுவை, அறிவியல், குடும்பக்கதை என்று ஒவ்வொரு வகையிலும் உங்களுக்கு எப்போதைக்கும் பிடித்தவை எவை? நீண்ட பட்டியல் வேண்டாம். நம்பி உட்காரக்கூடியவை சில போதும்.

அன்புடன்,
ர., கோவை

அன்புள்ள ர.,

1987ல் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில்தான் டிவி இருந்தது. அதில் ஒன்று, ரயில்வேயில் வேலை பார்த்து நாக்பூரில் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ஒரு பெரியவருடையது. கறுப்பு வெள்ளைப் பெட்டி. 'மால்குடி டேஸ்' தூர்தர்ஷனில் இந்தியில் வந்தது. தரையில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரில் இந்தி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, சொல்வதை நிறுத்திவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கதையின் சிறுவன் சுவாமி வீட்டுப்பாடத்தை முடிக்காமல் அப்பாவுக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்கும்போது எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆர்.கே. நாராயணின் கதைகளை சங்கர் நாக் கர்நாடகத்தின் ஆகும்பேயில் படமாக்கினார். மழைக்குப் பேர்போன மலையூர் அது. ஓடு வேய்ந்த வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு தெரு. அதையே நாராயணின் கற்பனை ஊரான மால்குடியாக்கிவிட்டார். தலைப்பில் வரும் கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தவை. இசை எல். வைத்தியநாதன். அந்தத் தொடக்கப் பாட்டில் சொற்களே கிடையாது, வெறும் 'தானன தானன'தான். இன்றைக்கும் எங்காவது அது கேட்டால் என் வயது பன்னிரண்டாகிவிடும். சுவாமியின் அப்பாவாக கிரீஷ் கர்னாட் நடித்திருப்பார்.  அவர் ஒரு பார்வை பார்த்தால் நமக்கே வயிறு கலங்கும். சங்கர் நாக் 1990ல் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. இன்னும் எத்தனை செய்திருப்பாரோ என்று நினைக்காமல் என்னால் அந்தத் தொடரைப் பார்க்க முடிவதில்லை.

இருபது வருடம் கழித்து ஆகும்பேக்குப் போனேன். பேருந்திலிருந்து இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுவரை அங்கே கால் வைத்ததில்லை.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் இதுதான். ஒரு தொடர் முடிந்தபிறகு அதன் கதையை நான் மறந்துபோகலாம். அதன் ஊர் எனக்குள் நிற்கிறதா? அங்கே நான் கொஞ்ச காலம் குடியிருந்ததாகத் தோன்றுகிறதா? சினிமாவில் நாம் இரண்டரை மணிநேரம் விருந்தாளிதான். தொடரில் மறுபடி மறுபடி அதே தெருவுக்குத் திரும்பி வருகிறோம். இன்று வாசலில் யார் நிற்கிறார், யாரைக் காணவில்லை என்று கவனிக்கத் தொடங்குகிறோம். நாவலுக்கு இணையாகத் தொலைக்காட்சிக்கு வாய்த்த பலம் அது.

அந்த அளவுகோலில் நான் பார்த்தவற்றில் எல்லாம் உயரமாக நிற்பது 'தி வயர்'. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தின் கதை. எச்பிஓ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2002 முதல் 2008 வரை வந்தது. ஐந்து சீசன், அறுபது எபிசோட். உருவாக்கிய டேவிட் சைமன் அதே ஊரின் செய்தித்தாளில் குற்றச்செய்தி எழுதிவந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அந்த ஊர்ப் போலீசில் கொலை வழக்குகளைப் பார்த்தவர், பிறகு வேலையை விட்டு அரசுப் பள்ளியில் ஆசிரியரானவர். ஊரை வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் எழுதியதில்லை இது. ஒரு விஷயம் சொன்னால் உங்களுக்கே புரியும். பர்ன்ஸ் துப்பறிந்து, சைமன் செய்தியாக எழுதி, சிறைக்குப் போன ஒரு பெரிய போதைமருந்து வியாபாரி மெல்வின் வில்லியம்ஸ். விடுதலையாகி வந்தபிறகு இதே தொடரில் ஒரு தேவாலயப் பெரியவராக நடித்திருக்கிறார். மூவரும் ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள்.

முதல் சீசன் போதைமருந்துக் கும்பலுக்கும் அதை ஒட்டுக்கேட்கும் போலீஸ் குழுவுக்கும் நடுவில் நடக்கிறது. வழக்கமான போலீஸ் கதை என்று நினைத்து உட்கார்ந்தால் இரண்டாவதில் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். கப்பல் வராத துறைமுகத்தில் வேலையில்லாமல் நிற்கும் சுமைதூக்கும் தொழிலாளர்கள். மூன்றாவதில் நகர அரசியல், நான்காவதில் பள்ளிக்கூடம், ஐந்தாவதில் செய்தித்தாள் அலுவலகம். ஒவ்வொரு சீசனிலும் தலைப்புப் பாட்டு அதேதான், பாடும் குரல் மட்டும் மாறும். ஊரும் அப்படித்தான். அடுத்த வார்டுக்குப் போனால் அதே துக்கம் வேறு குரலில் கேட்கும்.

முதல் சீசனில் ஒரு சிறிய காட்சி. குடியிருப்பின் முற்றத்தில் ஒரு பழைய ஆரஞ்சு நிற சோபா. டிஆஞ்சலோ என்ற இளைஞன், தனக்குக் கீழே தெருவில் மருந்து விற்கும் இரண்டு பையன்களுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறான். ராஜா எப்போதும் ராஜாதான். சிப்பாய்கள் சீக்கிரம் வெட்டுப்படுவார்கள். ஒரு பையன் கேட்கிறான்: சிப்பாய் அந்தக் கடைசிக் கட்டம் வரை போய்ச் சேர்ந்துவிட்டால்? அவன் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம். அந்தச் சில நிமிடங்களுக்குள் ஐந்து சீசனும் இருப்பதை முடித்தபிறகுதான் உணர்ந்தேன்.

நான்காவது சீசன் தனி. போலீஸ் வேலையில் பெரும் தவறு செய்து வெளியேறிய பிரெஸ் என்பவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்கிறார். பையன்கள் அவரை மதிப்பதில்லை. தெருவில் அவர்கள் பகடை உருட்டுவதைப் பார்த்து, பகடையைக் கொண்டே நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறார். அப்புறம் மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது: பாடத்தை நிறுத்து, தேர்வுக்குத் தயார்செய், மதிப்பெண் எண்ணிக்கை ஏறவேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பிரெஸ்ஸுக்கு அது புதிதல்ல. போலீசில் குற்ற எண்ணிக்கையைத் தாளில் குறைத்துக் காட்டச் சொன்னதும் இதுவும் ஒன்றுதான் என்று புரிகிறது. அவர் வகுப்பில் டூக்கி என்று ஒரு பையன். வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அழுக்குத் துணியோடு வருவான், மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பள்ளியிலேயே குளிப்பதற்கு அவனுக்கு ஏற்பாடு செய்து, அவன் துணியைத் துவைத்துக் கொடுப்பார் பிரெஸ். அவனுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று இங்கே சொல்லமாட்டேன். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன் நான். என் அப்பாவின் பையில் எப்போதும் இரண்டு பழைய சட்டைகள் இருந்ததன் காரணம் எனக்கு அந்த சீசனில்தான் விளங்கியது.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி இந்தத் தொடருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒளிபரப்பானபோது பார்த்தவர்களும் குறைவு.

சரி, துப்பறிவதற்கு வருகிறேன். 'கொலம்போ'. என் அளவுகோலுக்கு இது அடங்காது. லாஸ் ஏஞ்சலஸ் இதில் ஒரு பின்னணிதான். ஆனாலும் இதை விட்டுவிட்டு நான் துப்பறியும் தொடர் பற்றிப் பேசமுடியாது. கொலை செய்தவர் யார் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். பெரும்பாலும் செல்வாக்கு உள்ளவர், அறிவாளி, எல்லாவற்றையும் யோசித்துச் செய்தவர். அதன்பிறகுதான் கசங்கிய மழைக்கோட்டும் சுருட்டுமாகக் கொலம்போ வருவார். விசாரித்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி, இன்னும் ஒரே ஒரு கேள்வி என்பார். அந்தக் கோட்டு நடிகர் பீட்டர் ஃபால்க்கின் சொந்தக் கோட்டு. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலைப் படித்தவர்களுக்கு ஒரு வாசனை அடிக்கும். அதன் விசாரணை அதிகாரி போர்ஃபிரியை மனதில் வைத்தே இந்தப் பாத்திரத்தைப் படைத்ததாக தொடரை உருவாக்கிய லெவின்சன், லிங்க் இருவரும் சொல்லியிருக்கிறார்கள். 1971ல் தொடங்கிய வரிசையின் முதல் பகுதியை இயக்கியவர் அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஸ்பீல்பெர்க். அதிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொன்றும் தனிக்கதை, பாதியில் விடும் பிரச்சினை உங்களுக்கு வராது.

நகைச்சுவையில் பிரிட்டனின் 'யெஸ் மினிஸ்டர்'. அமைச்சர் ஹேக்கருக்கும் செயலர் சர் ஹம்ஃப்ரிக்கும் நடக்கும் இழுபறி. ஒரு பகுதியில் புத்தம்புது மருத்துவமனை. நிர்வாகத்துக்கும் மற்ற வேலைகளுக்குமாக ஐந்நூறு ஊழியர்கள். நோயாளி ஒருவர்கூட இல்லை. அதனாலேயே மிகச் சுத்தமாக நடக்கிறது என்பார்கள். அரசு அலுவலகத்தில் ஒருமுறையாவது கோப்புக்காகக் காத்திருந்த எவருக்கும் இது சொந்தக் கதை. உங்கள் மனைவிக்கும் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

அறிவியலுக்கு வானியலாளர் கார்ல் சேகனின் 'காஸ்மாஸ்'. 1980, பதின்மூன்று பகுதிகள். கிராஃபிக்ஸ் பழசாகிவிட்டது, குரல் பழசாகவில்லை. பத்தாவது பகுதியில் சேகன் தமிழ்நாட்டுக்கு வருகிறார். பொங்கல் கொண்டாடும் கிராமம், சோழர் காலத்து நடராசர். பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் 864 கோடி வருடம் என்ற பழைய கணக்கைச் சொல்லி, அது பூமியின் வயதைவிட அதிகம் என்று வியக்கிறார். குழந்தைகளையும் கூட உட்காரவையுங்கள்.

போலந்துத் தொலைக்காட்சிக்காக இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி எடுத்த 'டெகலாக்' பத்துக் கதைகள் கொண்டது. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளை ஒட்டியவை. எல்லாம் வார்சாவின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சுற்றி நடக்கின்றன. ஒரு கதையின் நாயகர் வேறொரு கதையில் லிஃப்டில் சும்மா கடந்துபோவார். முதல் கதையில் ஓர் அப்பா, குளத்தின் பனிக்கட்டி மகனைத் தாங்குமா என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். உடம்பும் மனசும் தெம்பாக இருக்கும் இரவில் மட்டும் பாருங்கள்.

தமிழில் கேட்டால், 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. அதில் நிஜமாகவே ஓர் ஊர் இருந்தது. எல்லைச்சாமி, மண்தெரு, இருட்டினால் வெளியே வராத ஜனங்கள். குடும்பக்கதை வகையில் மட்டும் என்னிடம் பதில் இல்லை. நம் நெடுந்தொடர்களின் வீடுகளில் பெரிய ஹால் இருக்கிறது, வாசலைத் திறந்தால் தெரு இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. ஆயிரம் எபிசோட் போனாலும் நான் அங்கே குடியேற முடியவில்லை.

கடைசியாக அந்த உறுத்தல். புத்தகத்தை நீங்கள் தனியாகத்தான் படிக்க முடியும். இது நீங்கள் இருவரும் சேர்ந்து பார்ப்பது. பார்த்ததைப் பற்றி மறுநாள் காலையில் சமையலறையில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வீர்கள் என்றால் அந்த ஒரு மணிநேரம் வீணில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். ஓர் இரவுக்கு ஒரு எபிசோட், அத்தோடு அணைத்துவிடுங்கள். இவை பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றாகப் பார்ப்பதற்கென்று எழுதப்பட்டவை. இடைவெளியில்தான் அந்த ஊர் நமக்குள் வேர்பிடிக்கும்.

'தி வயர்' முதல் நாலு பகுதிகளில் யார் எவர் என்றே பிடிபடாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, விடவேண்டும் என்றுகூடத் தோன்றியது. விட்டுவிடாதீர்கள். நான்காவது சீசன் முடிகிற அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டூக்கியைப் பற்றி நாம் பேசவேண்டும்.

அன்புடன்