புள்ளி, வெட்டுப்புள்ளி, இசட் புள்ளி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மகனின் இசட் புள்ளி மைனஸ் 0.15. பெயில் என்று அர்த்தமா? (சுன்னாகம்)

இல்லை. உயர்தரப் பரீட்சையில் (ஏ.எல்) ஒருவர் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதைக் காட்டுவதுதான் இசட் புள்ளி. பூச்சியம் என்பது சராசரி. மகன் அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறார். மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி) இருந்தால் சித்திதான்.

கூடப் புள்ளி எடுத்த பாடத்தில் இசட் குறையலாம் என்கிறார் எங்கள் சேர். எப்படி? (சாவகச்சேரி)

சரியாகத்தான் சொல்கிறார். ஒரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) 15 என்று வையுங்கள். 75 எடுத்தால் சராசரியை விட 15 கூட; அதை விலகல் 15ஆல் பிரித்தால் இசட் 1. இன்னொரு வினாத்தாள் கடினம், சராசரி 40, விலகல் அதே 15. அதில் 70 எடுத்தவருக்கு இசட் 2. இதற்காகத்தான் 2001இல் பல்கலைக்கழக அனுமதிக்குப் புள்ளிகளைச் சும்மா கூட்டுவதை விட்டார்கள். ஆனால் ஒரே வினாத்தாள் எழுதியவர்களுக்குள்தான் இந்தக் கணக்கு நியாயம். 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்டக்காரரைக் கலந்து கணித்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது.

இசட் 1.6. கம்பஸ் கிடைக்குமா? (இடம் எழுதவில்லை)

எந்தப் பிரிவு, எந்த மாவட்டம், எந்த ஆண்டு? மூன்றில் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழக இடங்களில் ஏறக்குறைய 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. விபரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

மகளுக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு 2 புள்ளி குறைவு. சாப்பிடாமல் அழுகிறாள். மூன்றாம் வகுப்பிலிருந்தே ரியூசன் விட்டோம். எங்கே பிழை விட்டோம்? (கோப்பாய், ஒரு தாய்)

பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை, அம்மா. முதலில் அதை அவளிடம் சொல்லுங்கள்.

வெட்டுப்புள்ளி சித்திப்புள்ளி அல்ல. எத்தனை முறை எழுதிவிட்டேன்! கொடுக்க எத்தனை உதவிப்பணம் இருக்கிறது என்பதைப் பார்த்து மாவட்டத்துக்கு மாவட்டம் போடும் கோடு அது. அதே பிள்ளை அடுத்த கிழமை வேறொரு வினாத்தாள் எழுதினால் ஐந்தாறு புள்ளி கூடும், குறையும். 200க்கு 2 புள்ளி வித்தியாசத்தை வைத்து யார் கெட்டிக்காரர் என்று எந்தப் பரீட்சையாலும் சொல்ல முடியாது.

வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பணமும் நல்ல பாடசாலையும் கிடைக்கவென்று வந்த பரீட்சை இது. அதற்கு மட்டும் பாவித்தால் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நாங்களோ பத்து வயதுப் பிள்ளையின் படத்தையும் புள்ளியையும் பதாகையில் அச்சடித்துச் சந்தியில் கட்டுகிறோம். ஆசிரியரை அதால் அளக்கிறோம், பாடசாலையை அதால் அளக்கிறோம், கலியாண வீட்டில் தாய்மாரையும் அதால் அளக்கிறோம். அந்தப் பதாகைக்குக் கீழேதான் உங்கள் மகளும் தினமும் பாடசாலைக்குப் போகிறாள். நான் படிப்பித்த காலத்தில் இந்தக் கோட்டைத் தாண்டாத பிள்ளைகள் ஏ.எல்லில் முன்னுக்கு வந்ததைப் பல தடவை கண்டிருக்கிறேன். ரியூசனைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். பின்னேரத்தில் விளையாடட்டும்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஐ.ஈ.எல்.ரி.எஸ். (ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை) 6.5 செல்லுமா? (பருத்தித்துறை)

பொதுவாக இரண்டு வருடம்தான் ஏற்பார்கள். திரும்ப எழுதத்தான் வேண்டும். காசு கட்டுமுன், நீங்கள் போகும் இடம் அந்தப் பரீட்சையின் இரண்டு வகையில் அக்கடெமிக் கேட்கிறதா, ஜெனரல் கேட்கிறதா என்று பாருங்கள்.