185-ஆ, 230-ஆ? காலணிக்குள் அழுத்தம் அளக்கும் கருவியை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: சர்க்கரை நோயால் என் தந்தைக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. பெருவிரலுக்குக் கீழே முன்பாதத்தில் ஒரு புண் வந்து ஆறியிருக்கிறது. அவருக்கென்றே செய்த காலணிக்குள் சென்சார் தகடு வைத்து அளந்தபோது, அந்த இடத்தில் உச்ச அழுத்தம் 185 கிலோபாஸ்கல். இரண்டு வாரம் கழித்து அதே காலணியில், அதே கருவியில் 230. அளவு 200-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் தனித்தனியாக நம்ப வேண்டாம். 185-ஐப் பார்த்து நிம்மதியடைவதும் 230-ஐப் பார்த்துக் காலணியைத் தூக்கி எறிவதும் ஒரே அவசரத்தின் இரு பக்கங்கள்.

முதலில் 200 என்ற எல்லை. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு, புண் ஆறியவர்களுக்குச் சொல்வது இது: நடக்கும்போது அழுத்தம் இப்போதைய காலணியில் இருப்பதைவிட 30 சதவீதமாவது குறைய வேண்டும், அல்லது உச்ச அழுத்தம் 200-க்குக் கீழே இருக்க வேண்டும். இந்த 200, முறையாக அளவுத்திருத்தம் செய்த (அதாவது, தெரிந்த அழுத்தத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்த), 2 சதுர சென்டிமீட்டர் சென்சார் கொண்ட கருவிக்கு உரியது. பலர் விட்டுவிடும் நிபந்தனை இது. எலும்பு முனைக்கு நேர் கீழே ஒரு சதுர சென்டிமீட்டரில் 300, பக்கத்துச் சதுர சென்டிமீட்டரில் 100 என்று வைத்துக்கொள்வோம். பெரிய சென்சார் இரண்டையும் கலந்து 200 என்று காட்டும். சிறிய சென்சார் 300 என்றே காட்டும். பாதம் மாறவில்லை, எண் மட்டும் மாறுகிறது. ஆகவே வேறு கருவியின் எண்ணை இந்த எல்லையோடு ஒப்பிடும்முன் சென்சாரின் பரப்பைக் கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் கருவி ஒன்றுதான். அப்படியும் ஏன் இந்த வேறுபாடு? வேகமாக நடந்தால் முன்பாதத்தில் அழுத்தம் பொதுவாக ஏறும். தடித்த காலுறை, கயிற்றின் இறுக்கம், தகடு சில மில்லிமீட்டர் நகர்ந்திருப்பது ஆகியவையும் எண்ணை மாற்றும். தகட்டின் வகையும் முக்கியம். எஃப்-ஸ்கேன் போன்ற மின்தடை வகைத் தகடுகள் காகிதம்போல் மெல்லியவை. காலணியின் உள்வடிவத்தைக் கெடுக்காதது அவற்றின் நன்மை. ஆனால் மடிப்பு விழும், வெப்பத்துக்கு ஆட்படும், சுமை நீடிக்க நீடிக்க அளவு மெல்ல நகரும். பெடார் போன்ற மின்தேக்கி வகை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன்; அளவில் நிலையானது, ஆனால் இறுக்கமான காலணியில் அதுவே இடத்தை அடைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை அளப்பவரிடம் இவற்றைக் கேளுங்கள். தகட்டைப் போட்டுச் சில நிமிடம் நடந்து, அது பாதத்தின் சூட்டுக்கு வந்தபின் பதிவு தொடங்கியதா? காலைத் தூக்கியபோது பூஜ்யம் காட்டியதா? தொடக்க, இறுதி அடிகளை விட்டுவிட்டு, ஒரு காலுக்கு 12 அடிகளாவது சேர்த்துச் சராசரி எடுத்தார்களா? நடை வேகம் இரு முறையும் ஒன்றா? அளவுத்திருத்தத்தைச் சோதிக்க எளிய வழியும் உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் கைப்பிடியை லேசாகத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்றால், மொத்த விசை 690 நியூட்டனை ஒட்டி வர வேண்டும். 500 என்று காட்டினால் உச்ச அழுத்தத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது ஒன்றுண்டு: எதையும் மாற்றாமல், தகட்டைக் கழற்றி மறுபடி வைத்து, அதே நாளில் இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே 40 வேறுபட்டால், 185-க்கும் 230-க்கும் உள்ள தூரத்தில் பெரும்பகுதி அளவீட்டின் ஆட்டமாகவே இருக்கலாம். 10-தான் வேறுபட்டால், காலணியின் அடித்தளம் அமுங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பழைய காலணியையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே தகட்டில், ஒரே வேகத்தில் ஒப்பிடுவதில்தான் இந்தக் கருவியின் உண்மையான பலம் இருக்கிறது. அந்த 30 சதவீதக் குறைவு கிடைக்கிறதா என்பதற்கு அங்கே நம்பத்தக்க பதில் கிடைக்கும்.

இன்னொன்று: இத்தகடுகள் செங்குத்தாக அழுத்தும் விசையை மட்டுமே அளக்கின்றன. தோல் பக்கவாட்டில் இழுபடுவதை இவை அறியாது. புண்ணுக்கு அதுவும் காரணமாகலாம். எனவே கருவி 150 காட்டினாலும், அந்த இடத்தில் சிவப்போ சூடோ கொப்புளமோ, தடித்த தோலுக்குள் கருமையோ தெரிந்தால், அந்தக் காலணியைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.