புதிய அசெம்பிள் டெஸ்க்டாப்புக்கு எந்த ஓஎஸ் போடலாம்? தமிழில் எழுத அதை எப்படி அமைப்பது?

கேள்வியின் சுருக்கம்: ரைசன் 5 5600ஜி, 16 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டு அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். ஓஎஸ் எதுவும் இல்லை. தமிழில் நிறைய எழுத வேண்டும், எக்செல் வேலை, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் பைத்தான். விண்டோஸ் 11 வாங்குவதா, லினக்ஸா? லினக்ஸ் என்றால் எது?

நீங்கள் சொன்ன வேலைகளுக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசை, சினமன் என்ற திரைச்சூழல் கொண்ட பதிப்பு போதும். ஆனால் டவுன்லோட் செய்வதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். டேலி, ஃபோட்டோஷாப், இன்டிசைன், கோரல்டிரா, ஆட்டோகேட் இவற்றில் ஏதாவது ஒன்று அன்றாடம் வேண்டும் என்றால் விண்டோஸ்தான். ஜிஎஸ்டி, வருமான வரிக்கு டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பி டோக்கன் பயன்படுத்துபவர்களுக்கும் அதே பதில். அந்த டோக்கன்களுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைத்தாலும் கடைசித் தேதியன்று அதோடு மல்லுக்கட்டக் கூடாது. எக்செலில் பெரிய விபிஏ மேக்ரோக்களும் பவர் கொயரியும் இருந்தால் லிப்ரேஆபிஸ் கால்க் அவற்றை முழுதாகத் தாங்காது. பிள்ளைகள் வேலரன்ட் விளையாடுவார்கள் என்றால் அதன் ஆன்டி-சீட் லினக்ஸில் ஓடவே ஓடாது. சாதாரணக் கணக்குத்தாள், வடிகட்டல், பிவட் அளவில் என்றால் கால்க் தாராளமாகப் போதும்.

பிரின்டரையும் இப்போதே பாருங்கள். எச்பி, பிரதர், எப்சன் பெரும்பாலும் தொந்தரவு தராது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் நிறைய இருக்கும் கேனான் எல்பிபி 2900 அப்படியல்ல. அது கேனானின் சொந்த கேப்ட் முறையில் பேசும் பிரின்டர். லினக்ஸில் அதை ஓட வைப்பது பாடு.

விண்டோஸ்தான் என்று முடிவானால் முறையான லைசென்ஸ் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீ பெரும்பாலும் நிறுவனங்களுக்கான மொத்த லைசென்ஸிலிருந்து பிரித்து விற்கப்படுவது. எந்த நாளும் முடக்கப்படலாம். அசெம்பிள் செய்பவர் இலவசமாகப் போட்டுத்தரும் 'ஆக்டிவேட்டர்' அதைவிட ஆபத்து. அது அட்மின் அனுமதியோடு ஓடும் நிரல், பெரும்பாலும் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லித்தான் அதை ஓட்டுவார்கள். வங்கிக் கணக்கு திறக்கும் கம்ப்யூட்டரில் அதை அனுமதிக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, எனவே பழைய டிவிடியைத் தேடி எடுக்க வேண்டாம். 5600ஜி விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பயாஸில் (ஓஎஸ்ஸுக்கு முன் ஓடும் போர்டின் அமைப்புத் திரை) எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். தமிழுக்கு செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' போய்த் தமிழைச் சேர்த்து, கீபோர்டு பட்டியலில் 'தமிழ் 99' எடுத்தால் போதும். விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் மொழி மாற்றும்.

மற்றவை எல்லாம் லினக்ஸ் பற்றி. ஏன் மின்ட்? உபுன்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு, விண்டோஸ் பழகிய பிள்ளைகளுக்குக் கீழே பேனலும் மெனுவும் இருந்த இடத்திலேயே இருக்கும். டெபியன் 13-உம் உறுதியானது, ஆனால் தொடக்கத்தில் கைவேலை அதிகம். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடும், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாதமே ஆதரவு. சந்தைக்கு வந்து சில மாதமே ஆன பிராசசர் வைத்திருப்பவர்களுக்குத்தான் அதன் புதிய கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) உண்மையில் தேவை. உங்கள் 5600ஜி 2021-இல் வந்தது. அதன் கிராஃபிக்ஸுக்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, தேடிப் போக வேண்டாம்.

ஓஎஸ் போடுவதற்கு முன் பயாஸுக்குள் ஒருமுறை போங்கள் (ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2). ரேமுக்கு எக்ஸ்எம்பி என்ற அமைப்பு இருக்கும், பெரும்பாலும் அணைந்தே வரும், ஆன் செய்துவிடுங்கள். 3200 என்று வாங்கிய ரேம் பல போர்டுகளில் 2400 அல்லது 2666-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். உங்களுடையதில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, திரைக்கும் இதே ரேம்தான். அதனால் இந்த ஒரு மாற்றத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இனி பென்டிரைவ். 8 ஜிபி போதும், அதிலிருப்பது எல்லாம் அழிந்துவிடும். மின்ட்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. இறக்கியதும் அதன் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) மின்ட் தளத்தில் இருப்பதோடு சரிபாருங்கள். 7-ஜிப் இருக்கும் விண்டோஸில் கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்தாலே அந்த எண் கிடைக்கும். பாதியில் கெட்டுப்போன கோப்பு இன்ஸ்டால் நடக்கும்போது 70, 80 சதவீதத்தில் நின்று, டிஸ்க் பழுது என்று எண்ண வைக்கும். பென்டிரைவில் ஐஎஸ்ஓவை எழுதும் ரூஃபஸ் நிரலில் ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று வைத்து எழுதுங்கள். பூட் மெனு ஆசுஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐ, ஆஸ்ராக்கில் எஃப்11, கிகாபைட்டில் எஃப்12. அங்கே ஒரே பென்டிரைவ் இரண்டு பெயரில் தெரியலாம். முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதையே எடுங்கள். மற்றதை எடுத்தால் பழைய முறையில் நிறுவப்பட்டு, பிறகு 'பூட் ஆகும் டிஸ்க் இல்லை' என்று நிற்கும்.

பென்டிரைவிலிருந்து ஓடும் மின்ட்டில் அவசரப்பட்டு 'இன்ஸ்டால்' ஐகானைத் தட்டாதீர்கள். அரை மணி நேரம் அதிலேயே வேலை செய்து பாருங்கள்: வைஃபை, யூடியூபில் ஒலி, மைக், வெப்கேம், பிரின்டர், சஸ்பெண்ட் செய்து மறுபடி எழுப்புவது. வேகத்தை மட்டும் இதை வைத்து எடைபோட வேண்டாம், பென்டிரைவ் மெதுவானது.

இதில் வழக்கமாக இடறுவது வைஃபை. டெஸ்க்டாப்பில் செருகும் சின்ன யூஎஸ்பி டாங்கிள்களில் சில, முதலில் தன்னை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும். உள்ளே விண்டோஸ் டிரைவர் இருக்கும். ஃபைல் மேனேஜரில் அந்த 'சிடி'யை எஜெக்ட் செய்தால் சில நொடிகளில் அது வைஃபையாக மாறும். அப்படியும் வரவில்லை என்றால் மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள், எந்த டிரைவரும் இல்லாமல் இன்டர்நெட் வரும். அதை வைத்து அப்டேட் முழுவதும் முடித்த பிறகு டாங்கிளைச் செருகிப் பாருங்கள். புதிய கெர்னலில் பல ரியல்டெக் சிப்கள் தாமாகவே எழுந்துவிடும். புதிதாகக் கார்டு வாங்குவதாக இருந்தால் இன்டெல் ஏஎக்ஸ்210 தொல்லை தராது.

எஸ்எஸ்டியைப் பிரிப்பது: இன்ஸ்டாலரில் 'சம்திங் எல்ஸ்' எடுத்து மூன்று பார்ட்டிஷன் போடுங்கள். இஎஃப்ஐக்கு (பூட் கோப்புகள்) 512 எம்பி, ரூட்டுக்கு (ஓஎஸ் இருக்கும் இடம்) 100 ஜிபி எக்ஸ்ட்4, மீதி முழுவதும் ஹோம் (உங்கள் கோப்புகள்). நாளை ஓஎஸ்ஸை மறுபடி போட நேர்ந்தால் ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்து ஹோமைத் தொடாமல் விடலாம். கோப்புகளும் அமைப்புகளும் அப்படியே இருக்கும். ரூட்டுக்கு 30 ஜிபி போதும் என்று பலர் எழுதுவார்கள். ஓஎஸ்ஸின் நகல்களை எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டின் ஸ்னாப்ஷாட்கள் பொதுவாக ரூட்டிலேயே சேரும், அப்போது 30 ஜிபி சில மாதத்தில் நிரம்பிவிடும். ரூட் நிரம்பினால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் லாகின் திரைக்கே திரும்பத் திரும்ப வரும், காரணம் புரியாது. தினசரி 2, வாராந்திரம் 2 என்று டைம்ஷிஃப்ட்டில் வரம்பு வையுங்கள். இன்னொன்று: டைம்ஷிஃப்ட் உங்கள் ஹோமைச் சேர்க்காது. நீங்கள் எழுதியவற்றுக்கு வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் கட்டாயம் வேண்டும்.

விண்டோஸும் ஒரு மூலையில் இருக்கட்டும் என்றால் இரண்டாவது எஸ்எஸ்டி வாங்கிப் போடுவதே நிம்மதி. ஆனால் மின்ட் நிறுவும்போது விண்டோஸ் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிடுங்கள். பூட்லோடரை இரண்டாவது டிஸ்க்கில் வை என்று நீங்கள் சொன்னாலும், இந்த இன்ஸ்டாலர் முதல் டிஸ்க்கில் இருக்கும் இஎஃப்ஐ பகுதியிலேயே வைத்துவிடும். பிறகு விண்டோஸ் எஸ்எஸ்டியைக் கழற்றினால் மின்ட்டும் பூட் ஆகாது. ஒரே எஸ்எஸ்டியில் இரண்டும் என்றால் விண்டோஸ் முதலில், மின்ட் பிறகு. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணையுங்கள். இல்லாவிட்டால் ஷட்டவுன் செய்தும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் தானாக இயங்கியிருக்கிறதா என்று பார்த்து, ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்த பிறகே பயாஸில் கை வையுங்கள்.

இரண்டு ஓஎஸ்ஸும் வைத்தவர்கள் எல்லாரும் கேட்பது கடிகாரம் பற்றி. மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்னால் காட்டும். போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் யூடிசியாகவும் (உலகப் பொது நேரம்) விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதுதான் காரணம், இந்திய நேரத்துக்கு அந்த வித்தியாசம் 5.30. மின்ட்டின் டெர்மினலில் 'timedatectl set-local-rtc 1' என்ற கட்டளையை ஒருமுறை அடித்தால் தீர்ந்தது.

இப்போது தமிழ். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கீபோர்டு செட்டிங்ஸில் 'லேஅவுட்' பட்டியலிலேயே தமிழ்நெட் 99 இருக்கும், பலர் அதைச் சேர்த்துவிட்டு லினக்ஸில் தமிழ் சரியில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். அந்த லேஅவுட் ஒரு பட்டனுக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே வேலை செய்யும். தமிழ்99-இன் சிறப்பே முந்தைய எழுத்தைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்வதில் இருக்கிறது. அதற்கு ஐபஸ் என்ற தட்டச்சு நிரல் வேண்டும். சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ்-எம்17என்' (ibus-m17n) என்ற பேக்கேஜை நிறுவுங்கள். 'இன்புட் மெத்தட்' என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். பிறகு லாக் அவுட் செய்து மறுபடி வாருங்கள். இந்தப் படியை விட்டுவிட்டுத்தான் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று கேட்பார்கள். திரும்ப வந்ததும் ஐபஸ் பிரெஃபரன்ஸில் தமிழ், அதன் கீழ் தமிழ்99 (எம்17என்) சேருங்கள். ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவர்களுக்கு ஃபொனெட்டிக்கும் அங்கேயே இருக்கிறது.

சரியாக அமைந்ததா என்று பார்க்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டு தட்டுங்கள். 'அம்மா' வர வேண்டும்; முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழும், கடைசி ஆ காலாக மாறும். அடுத்து ப, ந, த, உ. 'பந்து' வர வேண்டும், ஏனென்றால் ந-வை அடுத்து த வந்தால் புள்ளி வைப்பது தமிழ்99-இன் விதி. புள்ளி தானாக விழவில்லை என்றால் பழைய லேஅவுட்தான் இன்னும் இயங்குகிறது. கீபோர்டு லேஅவுட் பட்டியலில் இருந்து அதை நீக்குங்கள்.

லிப்ரேஆபிஸில் ஃபான்ட் மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் மாறவில்லை என்பது அடுத்த புகார். லிப்ரேஆபிஸ் தமிழை 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்று தனி வகையில் வைக்கிறது, அதற்கு ஃபான்டும் அளவும் தனி. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழி அமைப்புக்குப் போய் அந்தப் பெட்டியை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரைட்டரின் ஆப்ஷன்ஸில் சிடிஎல் அடிப்படை ஃபான்ட் என்ற பக்கம் புதிதாகத் தோன்றும். அங்கே நோட்டோ செரிஃப் தமிழ், 12 புள்ளி என்று வைத்தால் இனி திறக்கும் ஒவ்வொரு புதுக் கோப்பும் அப்படியே வரும். ஃபயர்ஃபாக்ஸிலும் ஃபான்ட் அமைப்பின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் தமிழுக்கென்று தனி வரி உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 18 வைத்துப் பாருங்கள், நாள் முழுக்க வாசிக்கக் கண்ணுக்கு இதம்.

லதா ஃபான்டில் எழுதிய வேர்டு கோப்பு இங்கே திறந்தால் வேறு ஃபான்டில் விரிந்து, 10 பக்கம் 11 ஆகலாம். அச்சுக்கு அனுப்புவதை எப்போதும் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்டில் உள்ள கோப்புகளுக்காக அந்த ஃபான்ட்களைச் சுமந்து திரிய வேண்டாம். யூனிகோடுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், தேடலும் அப்போதுதான் வேலை செய்யும். டெர்மினலில் மட்டும் கொம்பும் காலும் பிரிந்து தெரியும். அது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்குவதால் வருவது. உங்கள் அமைப்பில் பிழை இல்லை.

தீம், ஐகான் எல்லாம் விருப்பம் போல. பேனலில் சேர்க்கும் சிறு நிரல்களான ஆப்லெட்களை மட்டும் ஐந்தாறுக்கு மேல் சேர்க்காதீர்கள்; சினமனின் பெரிய பதிப்பு மாறும்போது பேனல் தடுமாறுவது பெரும்பாலும் அவற்றால்தான். ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் திரையை 125 சதவீதம் ஆக்குவதற்கு முன் ஃபான்ட் செட்டிங்ஸில் 'டெக்ஸ்ட் ஸ்கேலிங்'கை 1.2 ஆக்கிப் பாருங்கள். பின்ன அளவில் படம் மங்கும், இதில் மங்காது.

பைத்தான் 3.12 மின்ட்டோடு வரும். பைத்தான் பேக்கேஜ்களை பிப் மூலம் நேரடியாக நிறுவப் போனால் 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்ற பொருளில் மறுப்புச் செய்தி வரும். மின்ட்டின் சொந்தக் கருவிகளே அந்தப் பைத்தானை நம்பியிருப்பதால் போட்ட பூட்டு அது. உடைக்கச் சொல்லும் வழிகளைப் பின்பற்றாமல், வென்வ் பேக்கேஜை நிறுவி ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு தனி ஃபோல்டர் சூழல் உருவாக்குங்கள். கெட்டுப்போனால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும்.