மின்னினால் நட்சத்திரமா?

கேள்வி: பொழுது சாய்ந்ததும் மேற்கே பளீரென்று ஒன்று தெரிகிறது. நட்சத்திரம்தான் மின்னும், கோள் மின்னாது என்று சின்ன வயதில் படித்தேன். இதுவோ கீழே இறங்க இறங்க நன்றாகவே மின்னுகிறது. என் மகளிடம் 'அது கோள்தான்' என்று அடித்துச் சொல்லிவிட்டேன். மானம் தப்புமா?

பதில்: தப்பும். வானம் முழுதாக இருட்டும் முன்பே அது கண்ணில் படுகிறது என்றால் பெரும்பாலும் வெள்ளிதான். நீங்கள் படித்ததும் பொய்யில்லை, பாதி உண்மை. நட்சத்திரம் இருக்கிற தொலைவுக்கு அது எவ்வளவு பெரியதானாலும் நமக்கு வெறும் புள்ளி. காற்று அசையும்போது அந்த ஒற்றைப் புள்ளியின் ஒளி அலைக்கழிகிறது. கோள் அப்படியல்ல, அது ஒரு குட்டி வட்டம். வட்டத்தில் ஓரிடம் மங்கினால் இன்னோரிடம் ஈடுகட்டிவிடும். ஆனால் அடிவானத்தை ஒட்டிப் பார்க்கும்போது நடுவில் இருக்கும் காற்று ரொம்ப அதிகம். அங்கே வெள்ளியும் நடுங்கும், வியாழனும் நடுங்கும். அதனால் மின்னுகிறதா என்பதை நான் கடைசியில்தான் கேட்பேன். எந்தத் திசை, எத்தனை மணி? இதுதான் முதலில்.

வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஆக, சூரியனிலிருந்து ஐந்து முஷ்டி தள்ளி வெள்ளியைப் பார்க்கவே முடியாது. மாலை என்றால் மேற்கு, விடியல் என்றால் கிழக்கு, அவ்வளவுதான். அந்தி வேளையில் கிழக்கே பெரிய ஒளி எழுந்தால் அது வெள்ளி இல்லை. வியாழனாக இருக்க வாய்ப்பு அதிகம். புதன் 28 பாகையைத் தாண்டாது, இருட்டுவதற்குள் நழுவிவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைத் தேடி மனம் நொந்துபோக வேண்டாம்.

அப்புறம் பாதை. சூரியன், சந்திரன், கோள்கள் எல்லாம் வானத்தில் ஏறக்குறைய ஒரே பட்டையில்தான் போகும். நாலைந்து நாள் சந்திரன் போகும் வழியைக் கவனித்தால் அந்தப் பட்டை பிடிபட்டுவிடும். சிரியஸ் நட்சத்திரம் சிவப்பும் நீலமுமாகச் சிதறுவதைப் பார்த்துப் பலர் ஏமாறுவார்கள். அது பட்டைக்குத் தெற்கே வெகு தூரம் விலகி நிற்கிறது, அதனால் கோளாக இருக்க வழியே இல்லை.

சரி, பட்டைக்குள்ளேயே நட்சத்திரங்கள் இருக்கின்றனவே? அங்கேதான் நான் மாட்டினேன். பார்க்கத் தொடங்கிய புதிதில் விருச்சிகத்தில் இருக்கும் கேட்டையைச் செவ்வாய் என்று நினைத்து, மூன்று வாரம் நோட்டில் தேதி போட்டுப் படம் வரைந்தேன். அதே செம்மை, அதே அளவு ஒளி. பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து வரைந்ததால் பிழைத்தேன்: மூன்று படத்திலும் அது இம்மியும் நகரவில்லை. செவ்வாயாக இருந்தால் பொதுவாக நாளுக்கு அரை பாகை, அதாவது முழுநிலவின் அகலம் அளவுக்கு நகர்ந்திருக்கும். கேட்டையின் மேல்நாட்டுப் பெயரான 'அன்டாரிஸ்' என்பதற்கே செவ்வாயின் போட்டியாளன் என்று பொருள். அதைப் பிற்பாடு படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கேள்வி: பைனாகுலரில் சனியின் வளையம் தெரியுமா?

பதில்: தெரியாது. வளையம் பிரிந்து தெரிய 25 மடங்காவது பெரிதாக்கும் தொலைநோக்கி வேண்டும். கையிலிருக்கும் 10 மடங்கு பைனாகுலரை வியாழன் பக்கம் திருப்புங்கள். கை ஆடாமல் சுவரில் சாய்ந்துகொண்டால் அதன் இருபுறமும் பொடிப்பொடியாக இரண்டு, மூன்று, சில நாள் நான்கு புள்ளிகள் தெரியும். 1610இல் கலிலியோ கண்ட அதே நான்கு நிலவுகள். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். ஒன்று மட்டும்: சூரியன் முழுதாக மறையும் முன்னே மேற்கு நோக்கிப் பைனாகுலரைத் தூக்காதீர்கள். கண் போய்விடும்.

கேள்வி: செல்போனில் செயலி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

பதில்: செயலி நானும் வைத்திருக்கிறேன். ஆனால் போனில் இருக்கும் திசைகாட்டி இரும்புக் கம்பியோ காரோ பக்கத்தில் இருந்தால் தடுமாறும். வெள்ளியைச் சுட்டினால் ஏதோ மங்கல் நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லும். சந்திரனுக்கு நேரே பிடித்து, திரையிலும் சந்திரன் அதே இடத்தில் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வியாழனுக்கு வருடா வருடம் செயலி தேவையே இல்லை. அது சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டு எடுக்கிறது, ஆண்டுக்கு ஒரு ராசி. இந்த வருடம் எந்த மாதம் மாலையில் கிழக்கே எழுகிறதோ, அடுத்த வருடம் அதற்கு ஒரு மாதம் கழித்துத் தேடினால் போதும்.